வால்நட்சத்திரக்காரர் வைத்த தண்ணீர்ப் பாத்திரம்

சங்கச் செயலாளர் போன் செய்து, மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா, நீ ரிட்டயர் ஆகி சும்மாத்தானே இருக்கே என்று உரிமையோடு கேட்டார். கேன்டீன் போண்டாவைப் பற்றியும், ஹாஸ்டல் கிணற்றைப் பற்றியும், ஸ்டிரைக்கைப் பற்றியும் எழுத நம் செட்டில் ஆள் நிறைய உண்டு. நான் எழுதப் போவது நமது கல்லூரி வாசலையே மிதிக்காத ஒருவரைப் பற்றி. அவர் காலமாகி 280 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் எங்கள் 1983-86 இயற்பியல் வகுப்புக்கு அவரோடு ஒரு சம்பந்தம் இருக்கிறது. என் பிழைப்புக்கும் இருக்கிறது.

எட்மண்ட் ஹாலி. பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் வால்நட்சத்திரம்தான் ஞாபகம் வரும். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. 1986 மார்ச் மாதம், பைனல் இயர். விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் தெர்மல் சார் (வெப்பவியல் எடுத்ததால் அவருக்கு அந்தப் பெயர், அவருக்கும் அது தெரியும்) ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு எங்களை ஏற்றினார். தென்கிழக்கில் யாரோ விபூதியை விரலால் இழுத்த மாதிரி ஒரு மங்கலான தீற்றல். இதுக்குத்தானா தூக்கத்தைக் கெடுத்தீங்க என்று ஒருவன் முணுமுணுத்தது சார் காதில் விழுந்துவிட்டது. சார் கோபப்படவில்லை. இந்த மனுஷன் செய்ததில் இது சின்ன வேலைடா, பெரிய வேலையை லேபில் காட்டறேன் என்றார்.

மறு வாரம் லேபில் ஒரு அலுமினியப் பாத்திரம், ஒரு கரி அடுப்பு, ஒரு தெர்மாமீட்டர், ஒரு தராசு. பாத்திரத்தில் உப்புத் தண்ணீர். இதென்ன சமையல் கிளாஸா என்று சிரித்தோம். அந்தச் சமையலைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

ஹாலி பிறந்தது 1656-ல், லண்டனை ஒட்டிய ஹாகர்ஸ்டன் என்ற ஊரில். அப்பா சோப்பு காய்ச்சி விற்று நல்ல சொத்து சேர்த்தவர். பையனுக்குக் கேட்ட கருவியெல்லாம் வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு வசதி. ஆக்ஸ்போர்டில் குயின்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் பட்டம் வாங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லை. வடக்கு வானத்து நட்சத்திரங்களைப் பெரியவர்கள் பட்டியல் போட்டுக் கொண்டிருந்தார்கள். தெற்கு வானத்தை டெலஸ்கோப் வைத்துப் பார்த்துப் பட்டியல் போட்டவர் யாருமில்லை. சரி, நான் போகிறேன் என்று 1676-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் ஏறி செயின்ட் ஹெலெனா தீவுக்குப் போய்விட்டார். பின்னாளில் நெப்போலியனைக் கொண்டுபோய் அடைத்தார்களே, அதே தீவு. அப்போது ஹாலிக்கு வயது 20. நம்மில் எத்தனை பேர் 20 வயதில் அரியர் பேப்பரைத் தவிர வேறு எதையாவது துரத்தினோம் என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

அங்கே 341 நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்துக் கொண்டு 1678-ல் திரும்பினார். ராஜா இரண்டாம் சார்லஸ் சொல்லி ஆக்ஸ்போர்டில் பரீட்சை இல்லாமலே பட்டம் கொடுத்தார்கள். 22 வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினர். வெளியே தெரிந்த கதை இது.

எனக்குப் பிடித்தது அந்தத் தீவில் நடந்த இன்னொரு சங்கதி. கடலுக்கு மேலே ரெண்டாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த ஒரு குன்றில் அவர் கருவிகளை வைத்திருந்தார். அங்கே மேகமும் பனியும் சனியன் மாதிரி பிடித்துக் கொண்டது. வானம் தெளிவாக இருக்கிற ராத்திரியிலும் டெலஸ்கோப் கண்ணாடியில் ஈரம் படியும். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் துடைத்துக் கொண்டே இருக்க வேண்டும். குறிப்பெழுதும் காகிதம் நமத்துப் போய் மையை ஏற்காமல் ஊறியது. வேறு யாராவது என்றால் தலையெழுத்து என்று நொந்து கொண்டு துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் துடைத்தார், துடைத்துக் கொண்டே யோசித்தார். சுற்றிலும் கடல். கண்ணாடியில் படிகிற தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து மேலே வந்திருக்க வேண்டும். ஒரு கண்ணாடிக்கே இவ்வளவு என்றால் இந்த மலை முழுக்க ராத்திரி எவ்வளவு தண்ணீர் வாங்கும்? இதை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக் கொண்டார். முடிச்சை அவிழ்க்கப் பதினாலு வருஷம் ஆயிற்று.

அந்தக் காலத்தில் இது லேசான கேள்வி இல்லை. எல்லா ஆறும் கடலுக்குத்தான் ஓடுகிறது, கடலோ நிரம்பி வழியவில்லை. ஆறுகளும் வற்றவில்லை. அப்படியானால் தண்ணீர் எந்த வழியாகத் திரும்பி மலைக்குப் போகிறது? பூமிக்குள்ளே ரகசியக் குழாய்கள் இருக்கின்றன, கடல் தண்ணீர் அதன் வழியாக மலை உச்சிக்கு ஏறி, வழியில் உப்பை விட்டுவிட்டு ஊற்றாக வருகிறது என்று பெரிய பெரிய படிப்பாளிகளே நம்பினார்கள். கிர்ச்சர் என்ற பாதிரியார் 1665-ல் பூமியின் வயிற்றைக் கிழித்துக் காட்டுகிற மாதிரி படமெல்லாம் போட்டுப் புத்தகமே எழுதியிருந்தார். மழை மட்டும் ஆறுகளுக்குப் போதாது என்பது எல்லோருடைய எண்ணம். யாரும் அளந்து பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1674-ல் பியேர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் சேன் ஆற்றின் தலைப்பகுதியில் கணக்குப் போட்டு, அங்கே பெய்கிற மழை ஆற்றில் ஓடுவதைப் போல ஆறு மடங்கு என்று காட்டினார். பாதிக் கணக்கு அங்கே முடிந்தது. மழை போதும். ஆனால் அந்த மழைக்குத் தண்ணீர் எங்கிருந்து? கடலிலிருந்து அவ்வளவு ஆவி எழும்புமா? அந்த மீதிப் பாதியைத்தான் ஹாலி கையில் எடுத்தார்.

நடுவில் சில வருஷம் அவருக்கு வாழ்க்கையே ஒரு ஓட்டம். 1682-ல் மேரி டூக் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டார். அதே வருஷம்தான் பிற்பாடு தன் பெயரைத் தாங்கப் போகிற வால்நட்சத்திரத்தைப் பார்த்தார். 1684 மார்ச்சில் அப்பா வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. அடுத்த மாதம் பிணமாகக் கிடைத்தார். சொத்து விவகாரம் வேறு கழுத்தைப் பிடித்தது. அந்த வருஷ ஆகஸ்டில்தான் கேம்பிரிட்ஜுக்குப் போய் நியூட்டனைப் பார்த்து, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிற ஈர்ப்பு இருந்தால் கிரகத்தின் பாதை எப்படி இருக்கும் என்று கேட்டார். நீள்வட்டம், எப்போதோ கணக்குப் போட்டுவிட்டேன் என்று நியூட்டன் சொல்ல, அந்தக் காகிதத்தைத் தேடினால் காணவில்லை. இவர் விடாமல் நச்சரித்து எழுத வைத்ததுதான் 1687-ல் வந்த பிரின்சிபியா. அச்சுச் செலவும் ஹாலியின் கைக்காசு. ராயல் சொசைட்டியின் பணமெல்லாம் மீன்களைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தில் முடங்கிப் போயிருந்தது. விற்காத அந்த மீன் புத்தகங்களையே எழுத்தர் ஹாலிக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்தார்கள். அரசாங்கத்தில் அரியர்ஸ் வராமல் காத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த வலி தெரியும். குறைந்தது எங்களுக்கு மீன் கொடுக்கவில்லை.

1686-ல் இன்னொரு நல்ல காரியம் செய்தார். மாலுமிகளிடம் விசாரித்தும், தானே பார்த்தும், வெப்பமண்டலக் கடல்களில் எந்த மாதம் எந்தத் திசையில் காற்றடிக்கிறது என்று ஒரு படம் போட்டார். நம்முடைய இந்துமகா சமுத்திரத்தின் பருவக்காற்று, ஆறு மாதம் ஒரு பக்கமும் ஆறு மாதம் மறு பக்கமும் திரும்பி அடிப்பது, அந்தப் படத்தில் இருக்கிறது. உலகத்தின் முதல் வானிலைப் படம் என்று அதைச் சொல்கிறார்கள். காற்றைத் தள்ளுவது சூரியச் சூடுதான் என்று சரியாகச் சொன்னார். ஏன் கிழக்கிலிருந்து அடிக்கிறது என்பதற்குச் சொன்ன காரணம் தப்பு. அதை ஹாட்லி என்பவர் 1735-ல் திருத்தினார்.

இப்போது பாத்திரத்துக்கு வருகிறேன்.

பிரின்சிபியா வந்த அதே 1687-ல் ராயல் சொசைட்டி இதழில் ஹாலியின் சின்னக் கட்டுரை ஒன்றும் வந்தது. ஏழே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே அகலம், சரியாகச் சொன்னால் 7.9 அங்குலம். நாலு அங்குல ஆழம். இப்படி ஒரு பாத்திரம். கடல் தண்ணீர் அளவுக்கு, நாற்பதில் ஒரு பங்கு, உப்புப் போட்ட தண்ணீர். உள்ளே ஒரு தெர்மாமீட்டர். கீழே கரி நெருப்பு. கொதிக்க வைக்க அல்ல, இங்கிலாந்துக் கோடையின் உச்ச வெயில் சூடு எவ்வளவோ அவ்வளவுதான், அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாமல். பாத்திரம் முழுவதும் தராசின் ஒரு கையில் தொங்கியது. மறுபக்கம் படிக்கல். ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எடை குறைந்திருந்தது. ஆவி எழும்பினது கண்ணுக்குத் தெரியவில்லை, தண்ணீர் தொட்டால் சூடாகக்கூட இல்லை. ஆனால் அரை அவுன்சுக்கு 7 கிரெய்ன் குறைவான தண்ணீர் போய்விட்டிருந்தது. நம் கணக்கில் சுமார் 15 கிராம்.

மேற்பரப்பில் அது எத்தனை அங்குலம் இறக்கம் என்று வகுத்தார். ஐம்பத்துமூன்றில் ஒரு பங்கு. கணக்குச் சுலபத்துக்காக, கூடுதலாகச் சொல்லிவிடக் கூடாதே என்று அறுபதில் ஒன்று என்றே குறைத்து வைத்துக் கொண்டார். அப்படியென்றால் பகல் 12 மணி நேரத்துக்குப் பத்தில் ஒரு அங்குலம். அதாவது ரெண்டரை மில்லிமீட்டர். ஒரு சதுர மைலுக்கு நாளுக்கு 6,914 டன். மத்தியதரைக் கடலைச் சுமாராக 40 பாகை நீளம், 4 பாகை அகலம் என்று எடுத்துக் கொண்டார். ஒரு கோடை நாளில் அந்தக் கடலிலிருந்து மேலே போவது குறைந்தது 528 கோடி டன்.

இந்த எண்ணைச் சார் போர்டில் எழுதியபோது வகுப்பு நிசப்தம் ஆயிற்று. ஒரு சமையல் பாத்திரத்திலிருந்து ஒரு கடலுக்கு ஏறிவிட்டார்!

வரவைப் பார்க்க வேண்டாமா? மத்தியதரைக் கடலில் விழும் பெரிய ஆறுகள் ஒன்பது என்று எடுத்துக் கொண்டார். எப்ரோ, ரோன், டைபர், போ, டான்யூப், நீஸ்டர், நீப்பர், டான், நைல். கருங்கடல் வழியாக வருவதையும் சேர்த்துத்தான். அந்த ஆறுகளின் அளவு அப்போது யாரிடமும் இல்லை. தனக்குத் தெரிந்த ஆற்றுக்குப் போனார். தேம்ஸ். கிங்ஸ்டன் பாலத்தருகே 100 கெஜம் அகலம், 3 கெஜம் ஆழம், மணிக்கு 2 மைல் வேகம். ஒரு நாளைக்கு 2 கோடியே 3 லட்சம் டன். அந்த ஒன்பது ஆறும் ஒவ்வொன்றும் தேம்ஸ் போலப் பத்து மடங்கு என்று தாராளமாகவே வைத்தார். மொத்தம் 182 கோடியே 70 லட்சம் டன். வருவது போவதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம்.

கடல் ஏன் நிரம்பவில்லை என்ற கேள்வியே தலைகீழாகிவிட்டது. இப்போது கேட்க வேண்டியது, ஏன் வற்றவில்லை என்பது. ஆறுகளுக்கு வேண்டிய தண்ணீர் அத்தனையும் கடலிலிருந்து ஆவியாக எழும்பிவர முடியும், எழும்புகிறது, மிஞ்சியும் போகிறது. பூமிக்குள்ளே ரகசியக் குழாய் எதுவும் வேண்டாம். மத்தியதரைக் கடலில் துண்டு விழுவதை ஜிப்ரால்டர் ஜலசந்தி வழியாக அட்லாண்டிக் கடல் உள்ளே வந்து சரிக்கட்டுகிறது. இன்றைக்கு நன்றாக அளந்திருக்கிறார்கள். அந்தக் கடலில் வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஆவியாகிறது. ஹாலியின் நாளுக்கு ரெண்டரை மில்லிமீட்டரை வருஷம் முழுக்கப் போட்டால் 90 சென்டிமீட்டருக்கு மேல் வரும். கரி அடுப்பில் வந்த விடை!

எங்கள் லேபில் என்ன ஆச்சு தெரியுமா? ஹாலிக்கு வந்ததைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வந்தது. திரும்பத் திரும்ப எடை போட்டோம். உப்பு குறைவோ, தெர்மாமீட்டர் கோளாறோ என்று ஆளுக்கொன்று சொன்னோம். சார் பேசாமல் மேலே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மின்விசிறி சுற்றிக் கொண்டிருந்தது.

காற்று விஷயம் ஹாலிக்கும் தெரியும். சூட்டைவிடக் காற்று சில சமயம் வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும், அதற்குக் கணக்கு வைக்க வழியில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே ஒப்புக் கொண்டிருக்கிறார். அதோடு விடவுமில்லை. சில வருஷம் கழித்து, லண்டன் கிரஷாம் கல்லூரியில் வெயிலும் காற்றும் படாத ஒரு மூடின அறையில் பாத்திரம் வைத்து 1693-ஆம் வருஷம் பூரா எடை எடுக்க ஏற்பாடு செய்தார். வருஷத்துக்கு 8 அங்குலம்தான் குறைந்தது. மழையோ அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல் பெய்கிற ஊர்கள் உண்டு. ஆக, மீதியைச் செய்வது வெயிலும் காற்றும்தான் என்று முடிவு கட்டினார். எங்கள் மின்விசிறியை அவர் 293 வருஷத்துக்கு முன்பே கணக்கில் எடுத்துவிட்டார் என்று சார் சொன்னது இப்பவும் காதில் இருக்கிறது.

செயின்ட் ஹெலெனா கண்ணாடியின் முடிச்சு 1691-ல் அவிழ்ந்தது. கடலிலிருந்து எழும்பும் ஆவி காற்றோடு போய் மலையில் மோதி, குளிர்ந்து, தண்ணீராகி, பாறை இடுக்கில் இறங்கி ஊற்றாக வருகிறது, ஊற்றுகள் சேர்ந்து ஓடை, ஓடைகள் சேர்ந்து ஆறு, ஆறு மறுபடி கடல் என்று வட்டத்தை முடித்துக் காட்டினார். நம் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் அம்புக்குறி போட்டு வரைகிற படம்தான். எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். மலையில் படிகிற ஈரத்துக்கு அவர் ரொம்ப முக்கியத்துவம் கொடுத்தார், மழை மண்ணில் ஊறி இறங்குவதற்குக் குறைவாகக் கொடுத்தார். தன் கண்ணாடியைத் துடைத்த அலுப்பு அவரை விடவில்லை போலும். ஆவி என்பது உள்ளே வெறுமையான சின்னச் சின்ன நீர்க்குமிழி என்றும் நினைத்தார். அதுவும் தப்புதான்.

அதே 1691-ல்தான் அவருக்குப் பெரிய அடி விழுந்தது. ஆக்ஸ்போர்டில் வானவியல் பேராசிரியர் பதவி காலியாயிற்று. இவரைவிடத் தகுதியானவர் யார்? ஆனால் இவர் உலகத்துக்கு ஆரம்பமே இல்லை, அது என்றென்றும் இருப்பது என்று நினைக்கிறவர், மதவிரோதி என்று ஒரு புகார் கிளம்பிவிட்டது. அந்தச் சமயத்தில் ஹாலி சசெக்ஸ் கடற்கரையில், பாகம் என்ற ஊருக்கருகே, மூழ்கின கப்பலிலிருந்து சரக்கு எடுக்கிற வேலையில் கடலுக்கடியில் இருந்தார். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அடியில். மணி வடிவத்தில் ஒரு கூண்டு செய்து, ஈயம் கட்டின பீப்பாய்களில் காற்றை அடைத்து இறக்கி, தோல் குழாய் வழியாகக் கூண்டுக்குள் விட்டு, அறுபதடி ஆழத்தில் ஐந்து பேர் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க முடியும் என்று தானே போய் உட்கார்ந்து காட்டினார். தேர்வைத் தள்ளி வையுங்கள், வந்து என் பக்கத்தைச் சொல்கிறேன் என்று அங்கிருந்து ஆள் பிடித்துக் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. பதவி வேறொருவருக்குப் போனது. ஆக்ஸ்போர்டில் அவருக்கு நாற்காலி கிடைக்க இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று, அதுவும் கணிதத் துறையில்.

அந்தக் காயம் ஆறியிருக்காது என்று நான் நினைக்கக் காரணம் இருக்கிறது. 1715-ல், தன் 58-வது வயதில், மறுபடி தண்ணீருக்குத் திரும்பினார். இந்த முறை உப்பு. வெளியே போக வழியில்லாத ஏரிகள் உப்பாக இருக்கின்றன. ஆறு மண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கரைத்துக் கொண்டு வருகிறது, தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. சமுத்திரமும் அப்படி ஒரு பெரிய ஏரிதானே? அப்படியானால் கடலின் உப்பை இப்போது அளந்து, சில நூறு வருஷம் கழித்து மறுபடி அளந்தால், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு பூமிக்கு வயதென்ன என்று சொல்லிவிடலாம். பழைய கிரேக்கரும் ரோமரும் தங்கள் காலத்து உப்பை எழுதி வைக்காமல் போனார்களே என்று குறைப்பட்டுக் கொண்டார். கடல் இன்னும் உப்பால் நிறைந்துவிடவில்லை, ஆகவே உலகத்துக்கு ஓர் ஆரம்பம் உண்டு. 24 வருஷத்துக்கு முந்தின புகாருக்கு மனுஷன் உப்பில் பதில் எழுதியிருக்கிறார்! அதே சமயம், பாதிரிகள் சொன்ன வயதைவிட உலகம் ரொம்ப மூத்ததாக இருக்கக் கூடும் என்றும் ஒரு வரி போட்டுவிட்டார். அதுதான் ஹாலி. 1899-ல் ஜான் ஜோலி என்பவர் இந்த யோசனையைப் பிடித்துக் கொண்டு பூமிக்கு 8, 9 கோடி வருஷம் என்று கணக்குச் சொன்னார். அசல் வயது சுமார் 450 கோடி. கடலுக்கு வந்த உப்பு வேறு வழிகளில் வெளியேயும் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1698-லிருந்து 1700 வரை பாரமோர் என்ற 52 அடி நீளக் கப்பலுக்குக் கேப்டனாகி, திசைகாட்டி முள் எங்கெங்கே எவ்வளவு விலகுகிறது என்று அட்லாண்டிக் பூராவும் அளந்தார். கடற்படைக்காரரே அல்லாத ஒரு வாத்தியாரின் கீழ் வேலை செய்ய மனமில்லாத உதவி அதிகாரி தகராறு செய்ததால் முதல் பயணம் பாதியில் நின்றது. ரெண்டாவது பயணத்தில் தெற்கே 52 பாகை வரை போய், மூடுபனியில் மிதக்கும் பனிமலைகளுக்கு நடுவில் மாட்டி மயிரிழையில் தப்பினார். 1701-ல் அதே கப்பலில் ஆங்கிலக் கால்வாயின் ஏற்ற இறக்கங்களை அளந்தார். 1705-ல் 1531, 1607, 1682 ஆகிய வருஷங்களில் வந்தது ஒரே வால்நட்சத்திரம், 1758-ல் திரும்பும் என்று எழுதினார். 1720-ல் 63 வயதில் அரசு வானவியலாளர் பதவி கிடைத்து கிரீன்விச்சுக்குப் போனால், அங்கே கருவி ஒன்றும் இல்லை. முன்பிருந்தவரின் மனைவி எங்கள் சொத்து என்று எடுத்துக் கொண்டு போய்விட்டார். புதிதாக வாங்கி வைத்து, சந்திரனின் 18 வருஷச் சுற்றை முழுவதும் பார்க்கப் போகிறேன் என்று ஆரம்பித்தார். 63 வயதில்! முடித்தும் விட்டார். 1742 ஜனவரியில் 85 வயதில் காலமானார். 1758 கிறிஸ்துமஸ் ராத்திரி ஜெர்மனியில் ஒரு விவசாயி கண்ணில் வால்நட்சத்திரம் பட்டது.

இப்போது என் கதை கொஞ்சம். டிகிரி முடித்து மூன்று வருஷம் அலைந்து, ஒரு நீர்த்தேக்கத்தில் மழை, ஆவியாதல் குறித்து எழுதுகிற வேலை கிடைத்தது. நாலடி விட்டம், பத்தங்குல ஆழத்தில் ஒரு தொட்டி, மரச் சட்டத்தின் மேல். காக்காயும் நாயும் வாய் வைக்காமல் இருக்கக் கம்பி வலை. தினம் காலை எட்டரைக்கு, உள்ளே இருக்கும் முள்ளின் முனை வரைக்கும் அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு ஊற்றினேன் என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். மழை பெய்தால் எடுத்து ஊற்றிக் கழிக்க வேண்டும். ஹாலியின் பாத்திரமேதான், கொஞ்சம் பெரிசு. எனக்கு அது அப்போது தோன்றவில்லை. எம்.எஸ்ஸி. படித்தவனெல்லாம் பேங்கில் இருக்க, நான் தொட்டிக்குத் தண்ணி ஊத்தறேனே என்ற புழுக்கம்தான் இருந்தது.

ஒரு ஐப்பசியில் மாமா பெண் கல்யாணம். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டேன், லீவு எழுதாமல். திரும்பி வந்து 6.0, 5.5, 6.2 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது? அடுத்த மாதம் மேலதிகாரி வந்தார். தானியங்கி மழைமானியின் தாளை எடுத்து ரிஜிஸ்டர் பக்கத்தில் வைத்தார். அந்த மூன்று நாளும் அடைமழை. சூரியனே தலைகாட்டாத நாளில் ஆறு மில்லிமீட்டர் எப்படி ஆவியாச்சு தம்பி என்று மெதுவாகத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மெமோ வந்தது. அதைவிட, அந்த மூன்று எண்ணையும் சிவப்பு மையில் அடித்து ஓரத்தில் நம்பத்தகாதது என்று எழுதிவிட்டுப் போனார். அந்த ரிஜிஸ்டரை அதற்குப் பிறகும் ரெண்டு வருஷம் தினமும் திறந்து எழுத வேண்டியிருந்தது.

தெர்மல் சாரிடம் போய் இதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பீரோவிலிருந்து ஹாலியின் 1687 கட்டுரையின் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து டிக்ஷனரியை வைத்துக் கொண்டு படித்தேன். கடல் முழுவதையும் கணக்குப் போடப் போகிற மனுஷன், ஆறுகளைப் பத்துத் தேம்ஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்கப் போகிற மனுஷன், பாத்திரத்தில் குறைந்ததை அரை அவுன்ஸ் என்று எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அரை அவுன்சுக்கு 7 கிரெய்ன் குறைவு என்று எழுதியிருக்கிறார். 7 கிரெய்ன் என்பது அரை கிராமைவிடக் குறைவு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு 28 வருஷம் அந்த மாதிரித் தொட்டிகளோடுதான் கழிந்தது. போக முடியாத நாளில் கோடு போட்டு, பதிவு இல்லை என்று எழுதினேன். எத்தனை கோடு என்று மேலே கேட்டார்கள், அதற்கும் விளக்கம் கொடுத்தேன். இன்று கடல்களிலிருந்து வருஷத்துக்கு 4 லட்சம் கன கிலோமீட்டருக்கு மேல் ஆவியாகிறது, அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிலத்தின் மேல் வந்து ஆறுகளாகத் திரும்புகிறது, மேலே போன ஒரு துளி சராசரி ஒன்பது பத்து நாளில் கீழே வந்துவிடுகிறது என்றெல்லாம் செயற்கைக்கோள் வைத்துச் சொல்கிறார்கள். ஊரூருக்குத் தரையில் பார்க்கிறது இன்னமும் தொட்டிதான்.

இன்னொன்று சொல்ல விட்டுப் போச்சு. நாங்கள் மொட்டை மாடியில் கண்ணைக் கசக்கிக் கொண்டு நின்ற அதே மார்ச் 1986-ல், 14-ந் தேதி ஜியோட்டோ என்ற விண்கலம் ஹாலி வால்நட்சத்திரத்தின் அருகில் போனது. அதிலிருந்து வெளியே சீறும் வாயுவில் சுமார் 80 சதவீதம் என்ன தெரியுமா? நீராவி. வால்நட்சத்திரமே ஒரு அழுக்குப் பனிக்கட்டி, வெயில் பட்டால் ஆவியாகிறது. வாழ்நாள் பூரா ஆவியைத் துரத்தினவர் பெயரை எதற்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! ஆனால் அந்தத் தண்ணீரும் நம் கடல் தண்ணீரும் ஒன்றல்ல, அதில் கனநீர் விகிதம் நம் கடலைப் போல ரெண்டு மடங்கு என்று அளந்தார்கள். ஆகவே நம் கடல்களை நிரப்பியது அந்த மாதிரி வால்நட்சத்திரங்கள்தான் என்று சொல்வதற்கில்லை. 2023 டிசம்பரில் அது தன் பாதையின் கடைக்கோடியைத் தொட்டுவிட்டுத் திரும்பிக் கொண்டிருக்கிறது. 2061-ல் வரும்.

சார் இப்போது இல்லை. அவர் கொடுத்த ஜெராக்ஸ் மங்கிப் போய், மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி என்னிடம் இருக்கிறது. கூடுகை அன்று கொண்டு வருகிறேன். பழைய இயற்பியல் லேபில் அந்தத் தராசு இன்னும் இருப்பதாக இப்போதைய துறைத் தலைவர் போனில் சொன்னார். அலுமினியப் பாத்திரம் நான் எடுத்து வந்துவிடுவேன். கரி யாராவது கொண்டு வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு மணி நேரம் கிடைத்தால் போதும், இந்தத் தடவை ஃபேனை ஆஃப் பண்ணிவிட்டு எடை போட்டுப் பார்க்கலாம்.